மக்டேவிட் ஏன் தனியாக நின்றார்?

2025 பெப்ரவரி 20 இரவு. பொஸ்ரன் நகரில் கனடாவும் அமெரிக்காவும் மோதிய ஐஸ் ஹொக்கி இறுதியாட்டம் 2-2 என்று சமநிலையில் முடிந்து மேலதிக நேரத்துக்குப் போயிருந்தது. முதலில் கோல் போடுகிறவருக்கு வெற்றி. 8 நிமிடம் 18 செக்கன் ஆனபோது மிச் மார்னர் ஓரத்திலிருந்து தள்ளிவிட்டதை, கோலுக்கு நேர்முன்னே நின்ற கொனர் மக்டேவிட் வாங்கி அடித்தார். ஸ்காபரோவில் அக்கா வீட்டு வரவேற்பறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழும்பிக் கத்தினோம். மேசையில் இருந்த கொத்துரொட்டிப் பெட்டி கீழே விழுந்தது.

மாமா மட்டும் எழும்பவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "உலகத்திலயே பெரிய கெட்டிக்காரன் இவன்தான் எண்டு பின்னேரத்தில இருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாங்கள். பிறகு ஏன் அவனைத் தனிய விட்டவங்கள்?"

அன்றிரவு இதைவிடச் சரியான கேள்வியை யாரும் கேட்டிருக்க முடியாது. ரீவி பதில் சொல்லும் என்று காத்திருந்தோம். ஒரே கோலைப் பல பக்கங்களிலிருந்து காட்டினார்கள். மக்டேவிட்டின் முகம், கோல்காப்பாளரின் முகம், குதிக்கிற சனம். அமெரிக்க ஜனாதிபதி கனடாவை 51ஆவது மாநிலமாக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. மொன்றியலில் நடந்த முன்னைய ஆட்டத்தில் ரசிகர்கள் அமெரிக்க தேசிய கீதத்துக்கு ஊளையிட்டிருந்தார்கள். ஆகவே பேச்சு நாடு, மானம், வரலாறு என்று போய்விட்டது. எங்கள் அறையின் கூச்சலில் யாராவது காரணம் சொல்லி என் காதில் விழாமல் போயிருக்கலாம். மாமாவின் காதில் விழவில்லை. அவர் கடைசிவரை காத்திருந்துவிட்டுப் படுக்கப் போனார்.

இந்தக் கட்டுரை மாமாவின் கேள்வியைப் பற்றியது. ஹொக்கி வர்ணனை என்பது கனடாவில் கிட்டத்தட்ட ஓர் இலக்கிய வடிவம். அதன் குரல்களை இந்த நாடு கவிஞர்களைவிட அதிகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அதன் மற்றப் பாதி, ஆட்டத்தை விளக்குகிற பாதி, என் கண்முன்னாலேயே தேய்ந்துபோனது என்று நினைக்கிறேன்.

முதலில் ஆட்டம். தன்ராஜ் பிள்ளை விளையாடிய ஹொக்கி அல்ல இது. 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உள்ள பனித்தளம், சுற்றிவரச் சுவர். பக்கத்துக்கு ஐந்து பேர் சறுக்கி ஓடுவார்கள், ஒருவர் கோல் காப்பார். பக் என்பது 3 அங்குல அகலமும் 1 அங்குலத் தடிப்பும் உள்ள கறுப்பு இறப்பர் வில்லை. ஒரு வீரர் முக்கால் நிமிடமளவில் முழுமூச்சாக ஓடிவிட்டு வாங்கில் போய் இருந்துவிடுவார். ஆட்டம் நிற்காமலே அடுத்தவர் சுவரைத் தாண்டி உள்ளே குதிப்பார். இதில் எந்தக் கணத்திலும் பத்துப் பேரில் ஒருவரிடம்தான் பக் இருக்கும். மற்ற ஒன்பது பேர் எங்கே நிற்கிறார்கள், யாரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதுதான் ஆட்டம். கமெராவோ பக்கின் பின்னாலேயே ஓடுகிறது.

பக் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதுதான் பிரச்சினை என்று நினைத்து, அமெரிக்காவின் ஃபொக்ஸ் தொலைக்காட்சி 1996இல் அதற்குள் மின்னணுச் சில்லுகளை வைத்து, திரையில் அதைச் சுற்றி நீல ஒளிவட்டம் வரைந்தது. வேகமாக அடித்தால் சிவப்பு வால் முளைக்கும். கனடாக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டு வருடத்தில் அது போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாதது பக் இல்லை, மற்ற ஒன்பது பேர். அவர்களுக்கு யார் ஒளிவட்டம் வரைவது?

அதற்குத்தான் ஒலிவாங்கிக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் நடப்பதைச் சொல்பவர். மற்றவர், பெரும்பாலும் முன்னாள் வீரர், ஏன் நடந்தது என்று சொல்ல வேண்டியவர். முதல் வேலைக்கு ஒரு பெரிய பரம்பரையே இருக்கிறது. ஃபொஸ்ரர் ஹூவிட் 1923இல் ரொறன்ரோவில் வானொலியில் தொடங்கினார். 'அடிக்கிறார், கோல்' என்ற பொருள்பட அவர் கத்தியது ஒரு நாட்டின் விளையாட்டுப் பிள்ளைகள் எல்லோருடைய வாயிலும் போய் உட்கார்ந்துகொண்டது. 1952இல் 'ஹொக்கி நைட் இன் கனடா' தொலைக்காட்சிக்கு வந்தபோது மொன்றியலின் குரலாக டனி கலிவன் இருந்தார். சும்மா சுழன்று திரும்புகிற வீரருக்குக்கூடப் புதிதாக ஒரு சொல் செய்து கொடுப்பார். அந்தச் சொற்கள் இன்றும் புழங்குகின்றன.

எனக்கு வாய்த்தவர் பொப் கோல். தமிழில் எழுதினால் அவர் பெயரே கோல்தான். வந்த புதிதில், பன்னிரண்டு வயதில், அது பட்டப்பெயர் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். நியூஃபவுண்ட்லாந்துக்காரர். 1969 முதல் 2019 வரை ஐம்பது வருடம் வர்ணனை செய்தார். 1976இல் பிலடெல்பியாவில் சோவியத் இராணுவ அணி கோபித்துக்கொண்டு தளத்தைவிட்டு வெளியேறியபோது, வீட்டுக்குப் போகிறார்கள் என்று ஆச்சரியம் தாங்காமல் திரும்பத் திரும்பச் சொன்ன குரல் அவருடையது. அவரிடம் இருந்த வித்தை இதுதான்: பக் நடுத்தளத்தில் கிடக்கும்போது குரல் தாழ்ந்திருக்கும். ஆபத்து வருவதற்கு ஒரு கணம் முன்னால் அது ஏறத் தொடங்கும். கோல் விழுந்த பிறகு ஏறுகிற குரல் எல்லோரிடமும் இருக்கிறது. விழ முன்னரே ஏறுகிற குரல் ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தவரிடம்தான் இருக்கும். அம்மா குசினியில் நின்றுகொண்டு, ஒரு சொல் ஆங்கிலம் விளங்காமலே, "ஏதோ நடக்கப்போகுது" என்று கையைத் துடைத்துக்கொண்டு வருவார். வரவும் நடக்கும்.

மாமாவுக்கு இது புதிதில்லை. ஊரில் வானொலியைக் காதோடு வைத்து அப்துல் ஜப்பாரின் தமிழ்க் கிரிக்கெட் வர்ணனை கேட்டு வளர்ந்தவர். குரலை வைத்து நிலைமையை மட்டுக்கட்டத் தெரியும். ஆனால் அவர் ஒரு வித்தியாசத்தைச் சொன்னார். கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்கும் பிறகு நேரம் இருக்கிறது, பீல்டிங் எப்படி நிற்கிறது என்று சொல்லலாம், ஏன் அப்படி நிற்கிறது என்றும் சொல்லலாம். "இவங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. பேரை மட்டும் சொல்லிக்கொண்டு ஓடுறாங்கள். சரி, இடைவேளையில சொல்லலாந்தானே?"

இடைவேளைகள் இரண்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 18 நிமிடம். வேறெந்த விளையாட்டின் ஒளிபரப்புக்கும் இவ்வளவு வசதி கிடைப்பது அரிது. அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று காட்டியவர் ஹோவி மீக்கர்.

மீக்கரை நான் நேரலையில் அதிகம் பார்க்கவில்லை. பின்னாளில் யூரியூப்பில் தேடித் தேடிப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள். 1940களில் ரொறன்ரோ அணிக்கு ஆடியவர், ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் போட்டவர், இடையில் கொஞ்சக்காலம் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். 1970களில் தொலைக்காட்சியில் ஆட்டத்தை விளக்கினார். கீச்சுக்குரல். வகுப்பில் கரும்பலகையைத் தட்டுகிற கணக்கு வாத்தியாரின் பொறுமையின்மை. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிப்பாட்டு என்று கத்துவார், பின்னுக்கு ஓட்டு என்பார், திரையில் கோடு கீறுவார். கோல் போட்டவரை விட்டுவிட்டு, அதற்கு ஆறு செக்கன் முன்னால் தன் ஆளைத் தவறவிட்ட இன்னொருவரைக் காட்டுவார். புகழ்பெற்ற வீரர் என்றாலும் விடமாட்டார். கனடாப் பிள்ளைகளுக்கு அடிப்படை சரியில்லை, பக்கைக் கொடுக்கவும் வாங்கவும் ஒழுங்காகப் பழக்குகிறோமில்லை என்று ஒரு நாட்டின் தன்னம்பிக்கையைச் சனிக்கிழமை இரவுகளில் நச்சரித்துக்கொண்டே இருந்தார். பலருக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் அவரைப் பார்த்தவர்களுக்கு அடுத்த ஆட்டம் வேறு மாதிரித் தெரிந்திருக்கும். விமர்சனம் என்ற சொல்லுக்கு நான் வைத்திருக்கிற பொருள் இதுதான். ஒரு கவிதையைப் பற்றி எழுதுகிறவரிடமும் இதைத்தான் எதிர்பார்க்கிறேன். 'அருமை' என்பதற்கு அவர் எனக்குத் தேவையில்லை.

அந்த இடத்துக்கு டொன் செரி வந்தார்.

செரியைப் பற்றி நேர்மையாக எழுதுவது கஷ்டம், ஏனென்றால் எனக்கு அவரைப் பிடிக்கும். அதாவது, பிடித்திருந்தது. பொஸ்ரன் அணியின் முன்னாள் பயிற்சியாளர். முதல் இடைவேளையில் அவரும் ரொன் மக்லீனும் வந்து ஐந்தாறு நிமிடம் பேசுவார்கள். 1980களிலிருந்து 2019 வரை அது நடந்தது. கதிரைத் துணியில் தைத்தது போன்ற கோட்டுகள், நாடியை முட்டுகிற கழுத்துப்பட்டி. எங்கள் வீட்டுச் சிறுவர்கள் ஆட்டத்தைவிட அந்தக் கோட்டுக்காகக் காத்திருந்தார்கள். ஆட்டம் தெரியாதவர் இல்லை. தடுப்பாட்டக்காரன் எதிரி அடிக்கும்போது தடியை நீட்டாதே, பக் பட்டுத் திசைமாறி உன் கோலுக்குள்ளேயே போகும் என்று பிள்ளைகளை நேராக விளித்துச் சொல்வார். வருடக்கணக்காகச் சொன்னார். அக்காவின் மகள் ஆடுகிற அணியில் அதை இன்றைக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது பெரிய விசயம்.

ஆனால் ஒவ்வொரு வருடமும் அந்த ஐந்தாறு நிமிடத்தில் தடியும் பக்கும் குறைந்து பிரசங்கம் கூடியது. நல்ல கனடாப் பையன் எப்படியிருப்பான், ஐரோப்பியன் ஏன் மென்மையானவன், சண்டை ஏன் தேவை. முகக்கவசம் போடுகிறவர்களில் பெரும்பாலானோர் ஐரோப்பியரும் பிரெஞ்சுக்காரரும்தான் என்று 2004இல் அவர் சொன்னதற்குப் பிறகு அரசுத் தொலைக்காட்சி அவரை ஏழு செக்கன் தாமதத்தோடு ஒளிபரப்ப வேண்டி வந்தது. அதே வருடம் அதே தொலைக்காட்சி நடத்திய 'மிகச் சிறந்த கனடியர்' வாக்கெடுப்பில் அவருக்கு ஏழாவது இடம். பிரசங்கத்துக்கு ஆள் இருந்தது.

2019 நவம்பர் 9, சனிக்கிழமை. போர் நினைவு நாளுக்கு இரண்டு நாள் முன்னால். ரொறன்ரோவிலும் மிசிசாகாவிலும் யாரும் பொப்பிப் பூக் குத்துவதில்லை என்றார். பிறகு 'நீங்கள்' என்று தொடங்கினார். இங்கே வந்து எங்கள் பாலையும் தேனையும் அனுபவிக்கிற நீங்கள் ஒரு பூவுக்கு இரண்டு டொலர் கொடுக்கலாம் என்பது சாரம். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமா தன் ஜக்கற்றைத் திரும்பிப் பார்த்தார். அன்று அதில் பூ இல்லை. வருடாவருடம் வாங்கிக் குத்துவார், அந்த ஊசி நிற்காது, பஸ்ஸில் விழுந்துவிடும். இந்த நாட்டில் எல்லோருக்கும் விழுகிற பூ அது. "என்னையே சொல்லுறான்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. மொழி சரியாக விளங்கியதா என்று உறுதிப்படுத்தத்தான் கேட்டார்.

திங்கட்கிழமை செரியை நீக்கினார்கள். கருத்துச் சுதந்திரம் பற்றி ஊரெல்லாம் எழுதித் தீர்த்தார்கள். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. எனக்கு உறைத்தது வேறு. ஆட்டத்தை விளக்குகிறவர் தன்னை அறியாமலே எவரையும் உள்ளே விடுகிறார். தன் ஆளை விட்டுவிட்டான் பார் என்று சொன்னால் அது யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கும் விளங்கும், கிங்ஸ்ரனில் பிறந்தவனுக்கும் விளங்கும். இந்த ஆட்டம் யாருடையது என்று பேசத் தொடங்கினால் உள்ளே இருந்தவனும் வாசலுக்குப் போய் நிற்க வேண்டி வருகிறது. மாமா முப்பது வருடமாகச் சனிக்கிழமை இரவுகளில் பார்த்து, அந்த ஆட்டத்தைத் தமிழில் மொழிபெயர்த்தே வைத்திருந்தார். தவறு செய்தவர் போய் இருக்கிற கூண்டு அவருக்கு மறியல். "ரெண்டு நிமிச மறியல்" என்பார். பக்கைத் தூர வீசி நேரம் கடத்துவதற்கு "சும்மா எறியிறான்." அப்படிப்பட்ட மனிதரிடம் அன்று ஒரு பூ கேட்டார்கள்.

செரி போன பிறகு நிலைமை திருந்தியிருக்க வேண்டும். பேச்சு நாகரிகமானது. உண்மையில் மிக நாகரிகம். ரொஜர்ஸ் நிறுவனம் 2013இல் 12 வருட உரிமையை 5.2 பில்லியன் டொலருக்கு வாங்கியது. 2025இல் அடுத்த 12 வருடத்துக்கு 11 பில்லியன். இவ்வளவு காசு கொடுத்து வாங்கிய பண்டத்தை இடைவேளையில் நின்று குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? இப்போது நீண்ட மேசையில் நான்கைந்து பேர் இருந்து ஒருவரையொருவர் பகிடி பண்ணுகிறார்கள். எந்த வீரரை எந்த அணி மாற்றிக்கொள்ளும் என்ற செய்தி வருகிறது. ஒன்ராறியோவில் 2022 ஏப்ரலில் தனியார் பந்தய நிறுவனங்களுக்குக் கதவு திறந்த பிறகு, அடுத்த கோலை யார் போடுவார் என்பதற்கு என்ன விலை என்று அறிவிப்பும் வருகிறது. பன்னிரண்டு வயதான அக்காவின் மகளுக்குத் தடுப்பாட்ட வியூகத்தின் பெயர் தெரிவதற்கு முன்னால் பந்தய விகிதம் வாசிக்கத் தெரிந்துவிட்டது.

தரவும் நிறைய வருகிறது. வீரர்களின் சட்டையிலும் பக்குக்குள்ளும் உணரிகள் இருக்கின்றன. ஒருவர் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் ஓடினார் என்று திரையில் போடுகிறார்கள். ஒன்பது பேரும் எங்கே நின்றார்கள் என்று முதல்தடவையாகத் துல்லியமாகத் தெரியும் காலத்தில், அந்தத் தகவலை வைத்து நமக்குக் காட்டுவது வேகமானி! மீக்கர் கையில் இது கிடைத்திருக்க வேண்டும்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. கெலி ஹ்ரூடி முன்னாள் கோல்காப்பாளர். காப்பாளர் கோட்டிலிருந்து எவ்வளவு முன்னே வந்து நின்றார் என்று அவர் சொன்னால் ஒரு கோலின் கதையே மாறிவிடும். கெவின் பியெக்சா பகிடிக்காரர்தான், ஆனால் சில இரவுகளில் ஒரு தடுப்பாட்டக்காரனின் காலைக் காட்டி, இவன் உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது பாருங்கள் என்பார். அந்த நாற்பது செக்கனுக்காக நான் மிச்சத்தைப் பொறுத்துக்கொள்கிறேன். அவருக்குத் தெரியும். அவரை இன்னும் கொஞ்ச நேரம் பேச விடலாம்.

பஞ்சாபி வர்ணனையைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. 2008இல் 'ஹொக்கி நைட்' பஞ்சாபியில் தொடங்கியபோது, அல்பேட்டாவில் ப்ரூக்ஸ் என்ற சின்ன ஊரில் வளர்ந்த ஹர்நாராயண் சிங், கல்கரியிலிருந்து வார இறுதிகளில் தன் செலவில் ரொறன்ரோவுக்குப் பறந்து வந்து வர்ணனை செய்தார். ஓங்கி அடிக்கிற அடிக்கு அவர்கள் 'சப்பேட் ஷொட்' என்று பெயர் வைத்தார்கள். சப்பேட் என்றால் கன்னத்தில் விடுகிற அறை. 2016 ஸ்ரான்லி கிண்ண இறுதியின் முதல் ஆட்டத்தில் பிற்ஸ்பேர்க்குக்காக நிக் பொனீனோ வெற்றிக் கோல் போட்டதும் ஹர்நாராயண் அந்தப் பெயரை மட்டும் மூச்சுவிடாமல் பலமுறை சொன்னார். பஞ்சாபி ஒரு சொல் தெரியாத பிற்ஸ்பேர்க் நகரமே அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தது. வெற்றிக் கொண்டாட்டத்துக்கு அந்தக் குழுவை அழைத்தார்கள். 2021இல் அவர் ஆங்கிலத்திலும் வர்ணனைக்கு வந்தார்.

அந்தப் 'பொனீனோ' துண்டுதான் உலகம் முழுக்கப் பரவியது. அது குரலின் வெற்றி, பொப் கோல் வம்சம். அந்த நிகழ்ச்சியின் பெரிய காரியம் அது இல்லை என்பது என் எண்ணம். வீட்டில் இருக்கிற தாத்தா பாட்டிக்கு விளங்கவேண்டும் என்று நினைத்துப் பேசினால் விதியைச் சொல்லியே ஆகவேண்டும். காரணத்தைச் சொல்லியே ஆகவேண்டும். எதிரே இருப்பவருக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிற வர்ணனையாளர்தான் சோம்பேறியாகிறார். நாங்கள் பஞ்சாபி தெரியாமலே சில சனிக்கிழமைகள் அதைப் போட்டுப் பார்த்தோம். மாமா, "அறை எண்டதை நாங்களும் வைக்கலாம்" என்றார்.

இனி அந்தக் கோல். பெப்ரவரி 21 காலை மாமா எழும்பி வந்து, ரீவியில் அதைத் திரும்பப் போடச் சொன்னார். அக்காவின் மகள் பள்ளிக்கூட உடுப்போடு, கையில் பாணோடு நின்றாள். போட்டேன். மார்னர் ஓரத்தில், பக் அவரிடம். "நிப்பாட்டு," என்றார் மாமா. நிப்பாட்டினேன். "கொஞ்சம் பின்னுக்கு விடு." விட்டேன். நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்குக் கிட்டப் போனார். விரலால் ஒரு அமெரிக்கனைத் தொட்டார்.

"இவன்தான். பக்கைப் பாத்துக்கொண்டு நிக்கிறான். பின்னால ஒருத்தன் வாறது தெரியேல்லை."

"இல்லைத் தாத்தா," என்றாள் அவள். "அவர் அங்கதான் நிக்கவேணும். அது அவற்ர இடம். மற்றவர்தான் மாறி வந்திருக்கவேணும்."

"எந்த மற்றவன்?"

"மாமா, இன்னும் கொஞ்சம் பின்னுக்கு விடுங்கோ."

விட்டேன். மூன்று செக்கன். பிறகு ஐந்து செக்கன். அக்கா வாசலில் நின்று பஸ் போய்விடும் என்று கத்தினாள். மாமா கையை உயர்த்தி அவளைப் பொறு என்றார்.